கணக்கே உபாத்தியாயர்

பம்பாய்த் தமிழர்களின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர், அதில் பெரும் பகுதியைக் கல்வியின் சரித்திரமாகவே எழுத வேண்டியிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்து மாதுங்காவில் குடியேறிய பழைய தலைமுறையினர், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பழகிய கைகளோடு ரயிலிலிருந்து இறங்கி, அவ்விரண்டின் பலத்தினாலேயே கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் இடம் பெற்றார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்த குடும்பங்கள், தங்களுக்குக் கிட்டாத எழுத்தறிவு தங்கள் மக்களுக்காவது கிட்ட வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. டிராம்பேயில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும், அதன் சுற்றுப்புறத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் எழுந்த பிறகு, செம்பூரில் வீடு கொண்ட தமிழர்களின் பிள்ளைகளுக்கு எஞ்சினீயரிங் படிப்பே லட்சியமாயிற்று. இன்று அந்த லட்சியம் கணினியின் பக்கம் திரும்பியிருக்கிறது. விவேகானந்தா கல்விச் சங்கம் 1984-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி செம்பூரிலேயே இருக்கிறது, ஐ.ஐ.டி. வெகு தூரத்தில் இல்லை. எந்தத் தமிழ்க் குடும்பத்தில் விசாரித்தாலும், நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையோ பெண்ணோ ஒருவராவது இருப்பார்.

ஆனால் இந்தப் படிப்புக்கு ஆகும் செலவை நினைத்து மலைக்காத பெற்றோரும் இல்லை. கோச்சிங் கிளாஸுக்கு ஒரு கட்டணம், அதற்குமேல் வேலைக்குத் தயார் செய்யும் வகுப்புக்கு மற்றொரு கட்டணம் என்று, சேமிப்பெல்லாம் கரைந்துபோகிற வீடுகள் எத்தனையோ. இத்தகைய காலத்தில், நிரல் எழுதும் வித்தையின் மிக நுட்பமான ஒரு பிரிவை, உலகத்தின் தலைசிறந்த ஆசிரியர்களிடமிருந்து ஒரு காசும் கொடுக்காமல் கற்றுக்கொள்ள முடியும் என்ற விஷயம் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்த சிலருக்கும் அதை எவ்விதம் உபயோகித்துக்கொள்வது என்பது விளங்கவில்லை. இவ்விரண்டு குறைகளையும் இயன்ற அளவு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் குறிப்பிடும் பிரிவுக்கு நிரல் போட்டிக் கலை என்று பெயர் சொல்லலாம். மாணவர்கள் 'காம்பெட்டிடிவ் ப்ரோகிராமிங்' என்றும், தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது 'சி.பி.' என்றும் சொல்லுகிறார்கள். ஒரு கணக்கு கொடுக்கப்படுகிறது. அதற்கு விடை காணும் நிரலைக் குறிப்பிட்ட அவகாசத்துக்குள் எழுதி, இணையத்தின் வழியே சமர்ப்பிக்க வேண்டும். அதைப் படித்துப் பார்த்து மதிப்பெண் போட மனித ஆசிரியர் எவரும் அங்கே உட்கார்ந்திருப்பதில்லை. தீர்ப்பளிக்கும் இயந்திரம் ஒன்று, மாணவர் கண்ணுக்குக் காட்டாமல் வைத்திருக்கும் பல சோதனை எண்களை அந்த நிரலுக்குள் செலுத்தி, வருகிற விடைகள் சரியா என்றும், அவை வருவதற்கு எத்தனை நேரம் பிடிக்கிறது என்றும் பார்த்துச் சில நொடிகளில் தன் முடிவைத் தெரிவித்துவிடும்.

ஒரு கணக்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் இந்தக் கலையின் ரசம் தெரியும். பின்லாந்தைச் சேர்ந்த அன்டி லாக்ஸனன் என்பவரின் பெயரோடு இணைத்து உலகெங்கும் அறியப்படும் 'சி.எஸ்.இ.எஸ்.' கணக்குத் தொகுப்பில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. வரிசையாக 2 லட்சம் எண்கள் வரை தரப்படும். அதன்பின் 2 லட்சம் கேள்விகள் வரை கேட்கப்படும். ஒவ்வொரு கேள்வியும், இத்தனையாவது எண்ணிலிருந்து இத்தனையாவது எண் வரை கூட்டினால் என்ன தொகை என்பதுதான். சொல்லப்போனால் இது மூன்றாம் வகுப்புக் கூட்டல். எவரும் உடனே நிரல் எழுதிவிடுவார். கேட்கும்போதெல்லாம் அந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லும் அந்த நிரல், பத்து எண்களுக்கும் நூறு எண்களுக்கும் சரியாகவே வேலை செய்யும். ஆனால் 2 லட்சம் கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம் எண்களைக் கூட்ட நேர்ந்தால், மொத்தம் 4,000 கோடி கூட்டல்கள் ஆகின்றன. சாதாரணக் கணினி நொடிக்குச் சில பத்துக் கோடி எளிய காரியங்களைச் செய்யக்கூடியது என்று வைத்துக்கொண்டால், இதை முடிக்க அதற்கு நிமிஷக் கணக்கில் நேரம் ஆகும். கணக்கில் கொடுத்திருக்கும் அவகாசமோ ஒரே ஒரு நொடி.

இந்த இடத்தில்தான் யோசனை பிறக்க வேண்டும். ரயில்வேக் கால அட்டவணையில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எதிரே, வண்டி புறப்படும் இடத்திலிருந்து அதுவரையுள்ள மொத்தத் தூரம் குறிக்கப்பட்டிருக்கும். செம்பூரிலிருந்து வாஷிக்கு எவ்வளவு தூரம் என்று அறிய விரும்புகிறவர், கோவண்டி, மான்குர்த் என்று இடையிலுள்ள ஒவ்வொரு துண்டையும் கூட்டிக்கொண்டு போவதில்லை. வாஷியின் எண்ணிலிருந்து செம்பூரின் எண்ணைக் கழித்துவிடுகிறார். அதே உபாயம் இங்கும் பலிக்கிறது. முதலிலிருந்து ஒவ்வோர் இடம் வரையுள்ள கூட்டுத்தொகையை ஒரே ஒரு தடவை கணித்து வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால், பிறகு வரும் கேள்வி எதுவானாலும் ஒரு கழித்தலில் விடை வந்துவிடும். 4,000 கோடி கூட்டல்கள் செய்ய வேண்டியிருந்த இடத்தில், 2 லட்சம் கூட்டல்களும் 2 லட்சம் கழித்தல்களும் போதும். கணினி அதேதான், அவகாசமும் அதேதான், மாறியது அதை ஏவுகிறவரின் சிந்தனை ஒன்றே.

இத்தகைய சிக்கன புத்தி மும்பைக்குப் புதியதன்று. கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையைச் சேர்ந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழுவினர் உருவாக்கிய 'டிஃப்ராக்' என்ற கணினி, 1960-ல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட அந்த ஆதிக் கணினியின் நினைவகத்தில் 2,048 சொற்களுக்குத்தான் இடம் இருந்தது. அத்தனை குறுகிய இடத்தில் விஞ்ஞானக் கணக்குகளைப் போட வேண்டியிருந்தவர்கள், ஒவ்வொரு கட்டளையையும் அளந்து அளந்துதான் எழுதியிருக்க வேண்டும். இன்று கைபேசியிலேயே கோடிக்கணக்கான சொற்களுக்கு இடம் கிடைத்துவிட்டதால் அந்தச் சிரத்தை தேவையற்றதாகிவிடவில்லை. கணினியின் சக்தி பெருகப் பெருக, அதன்மீது சுமத்தப்படும் வேலையும் பெருகிக்கொண்டே போகிறது. கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போதும், பணம் அனுப்பும்போதும், நூறு பேருக்கு மட்டும் சரியாக இயங்கும் நிரலால் பிரயோஜனம் ஏது? நேரத்துக்கும் இடத்துக்கும் வரம்பு கட்டி, அந்த வரம்புக்குள் வழி காணச் சொல்லும் இந்தப் பயிற்சி, அந்த முன்னோடிகளின் சிக்கனத்தை மாணவர்களுக்கு மறுபடியும் கற்பிக்கிறது.

இனி, இதைக் கற்பதற்கான சாதனங்கள் எங்கே கிடைக்கின்றன என்று பார்ப்போம். அவற்றுள் முக்கியமான ஒன்று மும்பையிலேயே பிறந்தது. டைரெக்டி என்ற மும்பை நிறுவனம் 2009-ல் 'கோட்செஃப்' என்னும் போட்டித் தளத்தைத் தொடங்கியது. அதன் பெயருக்கு ஏற்பப் போட்டிகளுக்கும் 'குக்-ஆஃப்', 'லன்ச்டைம்' என்று சமையலறைப் பெயர்களே சூட்டப்பட்டன. வென்றவர்களுக்கு லட்டு என்ற பெயரில் புள்ளிகள் வழங்கப்பட்டன. பத்து நாள் நடக்கும் நீண்ட போட்டி ஒன்றும் இருந்தது. வேகம் போதாத, ஆனால் ஆழ்ந்து யோசிக்கும் சுபாவமுள்ள மாணவர்களுக்கு அது பெரிய அனுகூலமாக இருந்தது. இந்தத் தளம் 2020-ல் அன்அகாடமி நிறுவனத்தின் கைக்கு மாறியது. தரவு அமைப்புகளையும், 'அல்காரிதம்' எனப்படும் படிமுறைகளையும் படிப்படியாகக் கற்பிக்கும் வீடியோப் பாடங்களையும், ஒவ்வொரு பாடத்தையும் ஒட்டிய பயிற்சிக் கணக்குகளையும் இத்தளம் இலவசமாக வெளியிட்டதால், நல்ல கல்லூரியில் இடம் கிடைக்காத எத்தனையோ மாணவர்களுக்கு அது கல்லூரியாகவே விளங்கியது. இன்று அதன் பாடங்களில் சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு என்றாலும், போட்டியில் கலந்துகொள்வதற்குக் கட்டணம் இல்லை.

மற்றொரு முக்கிய ஊற்று தமிழ்நாட்டில் இருக்கிறது. செம்பூரை அடுத்த மான்குர்தில் ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் இருப்பதையும், கணிதம், பௌதிகம், ரசாயனம் முதலிய பாடங்களில் சர்வதேச ஒலிம்பியாடுகளுக்குச் செல்லும் இந்திய மாணவர்களுக்கு அங்கே பயிற்சி நடப்பதையும் நம்மவர்களில் பலர் அறிவார்கள். ஆனால் கணினிக்குரிய ஒலிம்பியாடை இந்தியாவில் நடத்துவது வேறு ஓர் அமைப்பு. 'ஐயார்க்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியக் கணினி ஆராய்ச்சிச் சங்கம் அதை நடத்துகிறது. அதன் பின்னணியில் நெடுங்காலமாக உழைத்து வருபவர்களில், சென்னைக்கு அருகே சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் முக்கியமானவர். 1989-ல் பல்கேரியாவில் தொடங்கிய சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில், 2002 முதல் இந்தியா பங்கேற்று வருகிறது. ஒவ்வொரு தேசமும் நான்கு பள்ளி மாணவர்களை அனுப்பலாம். அந்த நால்வரைத் தேர்ந்தெடுப்பதற்காகவே வட்டாரத் தேர்வு, தேசியத் தேர்வு, பயிற்சி முகாம் என்ற படிகள் அமைந்திருக்கின்றன.

இவற்றுள் வட்டார அளவில் நடக்கும் 'இன்ஃபர்மேடிக்ஸ் ஒலிம்பியாட்' என்ற எழுத்துத் தேர்வைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டும். கணினிப் போட்டியின் முதற்படியாகிய அந்தத் தேர்வுக்குக் கணினியே தேவையில்லை. காகிதமும் பென்சிலும் கொண்டு, கொடுத்திருக்கும் எண்களுக்கு விடை கண்டு எழுதினால் போதும். எந்த நிரல் மொழியும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பாதைகளில் மிகக் குறுகியதைக் காண்பது, பங்கீடுகளில் மிக லாபமானதைக் காண்பது என்று வருகிற அந்தக் கேள்விகளை எல்லாச் சாத்தியங்களையும் எழுதிப் பார்த்துத் தீர்க்க முயன்றால் நேரம் போதாது. ஒழுங்கான முறை ஒன்றைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். வீட்டில் கணினி இல்லாத மாணவரும் தம் புத்தியின் பலத்தை இவ்விதம் சோதித்துக்கொள்ள முடியும் என்பது, தாராவியின் ஒற்றை அறை வீடுகளிலும் செம்பூரின் சால்களிலும் படிக்கும் பிள்ளைகளை நினைக்கும்போது மிகப் பெரிய விஷயமாக எனக்குத் தோன்றுகிறது. பழைய கேள்வித்தாள்களும், படிமுறைகளை விளக்கும் பாடக் குறிப்புகளும், நிரல் எழுதிச் சமர்ப்பித்துப் பார்ப்பதற்கான கணக்குகளும் அச்சங்கத்தினால் இணையத்தில் இலவசமாகவே வைக்கப்பட்டிருக்கின்றன.

மாதவன் முகுந்தின் வகுப்புகளை வீட்டிலிருந்தபடியே கேட்கவும் வழி உண்டு. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த 'என்.பி.டெல்.' திட்டத்தின் கீழ், படிமுறைகளைப் பற்றியும் பைத்தான் மொழியைப் பற்றியும் அவர் நடத்திய தொடர் விரிவுரைகள் யூடியூபில் இருக்கின்றன. சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம். ஞானத்துக்குக் கட்டணம் கிடையாது. நிதானமாக, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏன் போகிறோம் என்பதைச் சொல்லிக்கொண்டே போகும் அவருடைய ஆங்கிலத்தைத் தமிழ் வழியில் படித்தவர்களும் சற்றுப் பழகினால் பின்பற்றிவிடலாம்.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு முதல் கைப்பிடியாக உதவுவது, பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் முயற்சியால் உருவான 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம். சி, சி ப்ளஸ் ப்ளஸ், பைத்தான் போன்ற மொழிகளையும் பிற கட்டற்ற மென்பொருள்களையும் பற்றி, ஏறத்தாழப் பத்து நிமிஷம் ஓடும் சிறு சிறு பாடங்களாகத் தயாரித்து, அவற்றின் குரலைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் மாற்றித் தந்திருக்கிறார்கள். நிரல் போட்டியின் நுட்பங்கள் இதில் இல்லை. நிரல் மொழியின் அரிச்சுவடி இருக்கிறது. அந்தப் பாடங்களைக் கேட்கும் முறையைப் பற்றி அத்திட்டத்தார் வற்புறுத்தும் விதி ஒன்று மிகவும் போற்றத்தக்கது. திரையின் ஒரு பக்கத்தில் பாடமும் மறு பக்கத்தில் மென்பொருளும் திறந்திருக்க வேண்டும். பாடத்தில் ஒன்று செய்து காட்டப்பட்டதும், அதை நிறுத்திவிட்டு, கற்பவர் தாமே அதைச் செய்து பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். பார்ப்பது வேறு, கற்பது வேறு என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த விதி அது.

கடல் கடந்த சாதனங்களும் குறைவில்லை. ரஷ்யாவின் சராதொவ் நகரத்தில் மைக் மிர்சயானவ் 2010-ல் தொடங்கிய 'கோட்ஃபோர்சஸ்', உலகத்துப் போட்டியாளர்கள் அனைவரும் கூடும் சந்தியாக விளங்குகிறது. அங்கே ஒருவருடைய தரத்தை எண்ணும் அதற்குரிய வர்ணமும் காட்டுவதால், தன் பெயரின் நிறம் மாறுவதற்காகவே இரவெல்லாம் கண்விழிக்கும் மாணவர்கள் உண்டு. நான் முன்பு சொன்ன லாக்ஸனன், போட்டியாளர்களுக்கென்று ஒரு கையேட்டையும் எழுதி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறார். அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான கணினி ஒலிம்பியாடை ஒட்டி, அதில் தேறிய மாணவர்களே தங்கள் பின்னோர்களுக்காக எழுதி வளர்த்து வரும் வழிகாட்டி ஒன்றும், வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்ற படிவரிசையில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தான் ஏறிய ஏணியைப் பின்னால் வருகிறவனுக்காக விட்டுச் செல்லும் இந்தத் தர்மம், இத்துறையில் எங்கும் காணக்கிடக்கிறது.

இத்தனை தாராளமாகக் கிடைக்கும்போது, கற்றவர் தொகை ஏன் அதே அளவு பெருகவில்லை? என் அபிப்பிராயத்தில், பெரும்பாலோர் வீடியோவை ஆசிரியராகக் கொண்டு, கணக்கை அதற்குப் பின்வரும் வீட்டுப்பாடமாக நினைப்பதே காரணம். உண்மையில் இத்துறையில் கணக்கே உபாத்தியாயர்; வீடியோ அவருக்கு உதவியாளர். இந்த வரிசையை மாற்றினால், எத்தனை மணி நேரம் செலவிட்டாலும் வித்தை கைவராது.

மேலே சொன்ன சி.எஸ்.இ.எஸ். தொகுப்பின் முதற் கணக்கைக் கொண்டே இதை விளக்கலாம். ஓர் எண் கொடுக்கப்படும். அது இரட்டைப்படையானால் பாதியாக்க வேண்டும். ஒற்றைப்படையானால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும். 1 வரும் வரை இவ்விதமே செய்துகொண்டு போய், வருகிற எண்களையெல்லாம் அச்சிட வேண்டும். மூன்றில் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1 என்று வரும். நாலைந்து வரி நிரல். அன்றுதான் நிரல் மொழியைக் கற்றவரும் எழுதிவிடுவார். சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் சாதாரண முழு எண்ணுக்குரிய வகையை உபயோகித்து எழுதிய மாணவர், சில எண்களைக் கொடுத்துச் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கக் கண்டு மகிழ்ச்சியோடு சமர்ப்பிக்கிறார். தவறு என்று தீர்ப்பு வருகிறது.

எங்கே தவறு? கொடுக்கப்படும் எண் 10 லட்சத்துக்கு மேற்படாது என்று கணக்கில் தெளிவாக எழுதியிருக்கிறது. சாதாரண முழு எண் வகையோ 214 கோடிக்கு மேலும் தாங்கும். ஆகையால் எண் பெரிதாகிவிட்டது என்ற சந்தேகமே அவருக்கு எழுவதில்லை. ஆனால் 1,13,383 என்ற எண்ணில் தொடங்கிப் பாருங்கள். ஏறியும் இறங்கியும் போகும் அந்த வரிசை, இடையில் 248 கோடியே 21 லட்சத்து 11 ஆயிரத்து 348 என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டே 1-க்கு இறங்குகிறது. சாதாரண முழு எண் வகை என்ற பாத்திரத்தில் அடங்காத அந்த எண், கணினிக்குள் பெரும்பாலும் எதிர்மறை எண்ணாகத் திரிந்துபோகிறது; அதற்குப் பின் வரிசையே நிலைகுலைந்துவிடுகிறது. தொடக்கம் சிறிதாக இருந்தாலும் இடைவழியில் வருவது பெரிதாகலாம் என்ற உண்மை இந்த ஒரு கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது.

தீர்ப்பு வந்ததும் வீடியோவைத் திறக்கிற மாணவர், இன்னும் பெரிய எண் வகையை உபயோகிக்க வேண்டும் என்பதை அரை நிமிஷத்தில் தெரிந்துகொள்வார். அந்த ஒரு சொல்லை மாற்றிச் சமர்ப்பித்துப் பச்சை நிறத் தீர்ப்பையும் பெற்றுவிடுவார். அடுத்த வாரம் வேறொரு கணக்கில் அதே குழியில் விழுவார். அதற்கு மாறாக, வெவ்வேறு எண்களைத் தாமே கொடுத்துப் பார்த்து, விடைகளுக்கிடையே ஒரு கழித்தல் குறி தலைகாட்டுவதைக் கண்டு திடுக்கிட்டு, அது ஏன் வந்தது என்று துருவித் துருவிப் போகிற மாணவரோ, ஒரு சாயங்காலம் முழுவதையும் அதில் செலவழித்தாலும், தம் வாழ்நாளில் அந்தத் தவறை மறுபடி எளிதில் செய்யமாட்டார். முன்னவர் ஒரு கணக்கின் விடையை அறிந்தார். பின்னவர் கணினி எண்களை எவ்விதம் வைத்துக்கொள்கிறது என்பதையே அறிந்துகொண்டார்.

ஆகவே, இலவசப் பாடங்களைக் கொண்டு கற்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முறை இதுதான். முதலில் கணக்கை நிதானமாகப் படிக்க வேண்டும். குறிப்பாக, எண்கள் எவ்வளவு பெரியவையாக இருக்கலாம் என்று அடியில் எழுதியிருக்கும் வரம்புகளைப் படிக்க வேண்டும், ஏனென்றால் எந்த வழி பலிக்கும், எது பலிக்காது என்பதை அவையே பாதி சொல்லிவிடுகின்றன. அதன்பின் காகிதத்தில் சிறு உதாரணங்களைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். அரை மணியோ ஒரு மணியோ உண்மையாகப் பிரயத்தனம் செய்தும் வழி தென்படவில்லையானால், அப்போது வீடியோவையோ தீர்வுக் குறிப்பையோ நாடலாம்; அதிலும் முழுவதையும் பார்த்துவிடாமல், முதல் யோசனை கிடைத்தவுடனே நிறுத்திவிட்டு மறுபடி முயல வேண்டும். முழுவதும் பார்க்க நேர்ந்துவிட்டால், அதை மூடி வைத்துவிட்டு, நிரலை முதலிலிருந்து தாமாகவே எழுத வேண்டும். சில நாட்கள் சென்றபின், குறிப்பு எதையும் பாராமல் இன்னொரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு போட்டியில் கலந்துகொள்வதும், போட்டி முடிந்தபின் தம்மால் முடியாமல் போன கணக்குகளில் முதலாவதை மட்டுமாவது தீர்த்து முடிப்பதும், நூறு வீடியோக்களைவிடப் பயனளிக்கும்.

கேட்டதும் விடை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் வந்துவிட்ட பிறகு இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சாதனம் எழுதித் தரும் நிரல் 1,13,383-ல் இடறுமா இடறாதா என்று சொல்லக்கூடியவர் யார்? அதைத் தாமே ஒரு முறை இடறிக் கற்றவர்தான். பிறர் எழுதியதைச் சமர்ப்பித்துப் பெறும் வெற்றி, போட்டி விதிகளுக்கு விரோதமானது என்பதோடு, கற்க வந்த புத்தியையே பட்டினி போடுவதும் ஆகும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வியையும் பெற்றோர் கேட்காமல் இரார்கள். பெரிய கணினி நிறுவனங்கள் பல, நேர்முகத் தேர்வில் இத்தகைய கணக்குகளையே கேட்கின்றன என்பது உண்மை. அதற்கு இப்பயிற்சி துணை செய்யும். ஆனால் ஒரு பெரிய மென்பொருளைப் பலரோடு சேர்ந்து கட்டுவதற்கு வேண்டிய பொறுமையும், பிறர் எழுதியதைப் படித்துத் திருத்தும் பழக்கமும் வேறு இடத்தில் கற்க வேண்டியவை. இந்தக் கலை தருவது, தெளிவாகச் சிந்திக்கும் பழக்கம் ஒன்று. தன் சிந்தனையைத் தானே சந்தேகித்துச் சோதிக்கும் பழக்கம் மற்றொன்று. எந்த உத்தியோகத்துக்கும் இவ்விரண்டும் வீண்போகமாட்டா.

இந்தப் பயிற்சியில் எனக்கு எல்லாவற்றையும்விட மேலாகத் தோன்றுவது, அந்தத் தீர்ப்பு இயந்திரத்தின் நடுநிலை. சமர்ப்பித்தவர் எந்தப் பள்ளியில் படித்தார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார், ஆங்கிலத்தை எந்த உச்சரிப்பில் பேசுகிறார், எந்தக் குலத்தில் பிறந்தார் என்று அது கேட்பதில்லை. தாராவியின் சந்தில் கைபேசியைப் பார்த்துக் கற்ற பெண்ணுக்கும், பெரிய கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஒரே சோதனை எண்கள்தான், ஒரே அவகாசம்தான். முகத்தைப் பார்த்து மதிப்பிடும் வழக்கம் இன்னும் ஒழியாத நம் சமூகத்தில், இப்படி ஒரு பரீட்சகர் இருப்பதே ஒரு தைரியம்.

ஆனால் பரீட்சகரின் நடுநிலையால் மட்டும் எல்லோருக்கும் சம வாய்ப்பு வந்துவிடாது. உட்கார ஓர் இடமும், தொந்தரவில்லாத இரண்டு மணி நேரமும், நிரலைத் தட்டிப் பார்க்க ஒரு கணினியும் வேண்டும். பாடத்தைக் கைபேசியில் பார்க்கலாம். யோசனையைக் காகிதத்தில் செய்யலாம். நிரலைத் தட்டுவதற்குக் கைபேசி போதிய சாதனமன்று. மும்பையில் வீட்டில் இடமில்லாத மாணவர்களுக்கென்று 'அப்யாசிகா' என்ற வாசிப்புக் கூடங்கள் இருப்பது பெரிய உபகாரம். நம்முடைய தமிழ்ச் சங்கங்களும், சபாக்களும், கோயில்களை ஒட்டிய சமாஜங்களும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இத்தனை காலமாகச் சங்கீதத்தையும் பாஷையையும் வளர்த்து வந்திருக்கின்றன. அவை வாரத்தில் ஒரு மாலை, ஓர் அறையையும் ஒரு கணினியையும் இந்தப் பிள்ளைகளுக்காக ஒதுக்கக்கூடாதா?

ஒரு கணினி என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் அன்று. கல்லூரி மாணவர்களுக்காக நடக்கும் 'ஐ.சி.பி.சி.' என்ற போட்டிதான் இத்துறையில் உலகின் மிகப் புகழ்பெற்றது. 1977 முதல் அதன் இறுதிச் சுற்றுகள் நடைபெற்று வருகின்றன. கேரளத்தில் அமிர்தபுரியில் அதன் இந்திய வட்டாரச் சுற்றுகளும் நடப்பதுண்டு. அந்தப் போட்டியின் விதிப்படி, மூன்று பேர் கொண்ட ஓர் அணிக்கு ஐந்து மணி நேரமும் ஒரே ஒரு கணினியும்தான் கொடுக்கப்படும். ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற இருவரும் காகிதத்தில் சிந்திக்க வேண்டும். தம் யோசனையை அடுத்தவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தக் கணக்கை முதலில் எடுப்பது என்று மூவரும் கலந்து நிர்ணயிக்க வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்ற நிலைமை நம் வீடுகளில் ஒரு குறையாகக் கருதப்படுகிறது. உலகத்தின் தலைசிறந்த போட்டியோ அதையே விதியாக வைத்திருக்கிறது. அண்ணன் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று வருந்தும் தங்கை, அவன் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும். எதிர்வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளட்டும். அந்தக் கணமே ஓர் அணி அமைந்துவிடுகிறது.

இவ்வாறு கூடும் மாணவர்களிடையே, முன்பே தேறிய கல்லூரி மாணவர் ஒருவர் வாரம் ஒரு கணக்கைத் தமிழில் விளக்கிச் சொல்ல முன்வருவாரானால், ஆங்கிலத்தில் இருக்கிறதே என்ற அச்சமும் நாளடைவில் நீங்கும். அவர் விடையை முதலிலேயே சொல்லிவிடாமல், பிள்ளைகள் முட்டிமோதிய பிறகே வாய் திறப்பாரானால், அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இருக்க முடியாது. வீடியோக்களும் கணக்குகளும் தீர்ப்பு இயந்திரமும் ஏற்கெனவே உலகத்தார் நமக்குத் தானமாகக் கொடுத்தவை. இடமும் நேரமும் நாம் கொடுக்க வேண்டியவை, முயற்சி பிள்ளைகளுடையது.